ஃபிளெட்சர் வகை நாசகாரிக் கப்பல்களின் வடிவமைப்பும் ஆயுதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை ஏறத்தாழ ஒரே வரைபடத்தைக் கொண்டு 175 நாசகாரிக் கப்பல்களைக் கட்டியது. அவற்றுள் முதலில் எண்ணப்படும் கப்பலின் பெயரால் இவை ஃபிளெட்சர் வகை என்று அழைக்கப்படுகின்றன. இவை 1942 முதல் பணியில் சேர்ந்து, பசிபிக் போரின் பெரும்பாலான கடற்சண்டைகளில் பங்கெடுத்தன. ஒரு சிறிய கப்பலில் எவ்வளவு ஆயுதத்தை ஏற்றலாம், அதற்கு ஈடாக எதை இறக்க வேண்டும் என்ற எடைக் கணக்கே இந்தக் கப்பலின் கதை. கீழேயுள்ள விடைகள் பலவும் சுற்றிச் சுற்றி அந்தக் கணக்கிலேயே வந்து நிற்பதைக் காணலாம்.

நாசகாரி என்ற பெயர் எதை நாசம் செய்வதால் வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நீருக்குள் தானே ஓடிச் சென்று வெடிக்கும் டார்பிடோவைச் சுமந்து விரைந்து வரும் சிறு படகுகள் பெரும் போர்க்கப்பல்களுக்கு அச்சுறுத்தலாயின. பல மடங்கு விலையுள்ள கப்பலை ஒரு படகு மூழ்கடித்துவிடலாம் என்ற நிலையில், அந்தப் படகுகளை விரட்டிப் பிடித்து அழிப்பதற்கென்றே பிரிட்டன் 1893 முதல் வேகமான கப்பல்களைக் கட்டியது. அவை 'டார்பிடோப் படகு நாசகாரி' எனப்பட்டன. பிறகு அந்தக் கப்பல்களே டார்பிடோக்களையும் ஏந்தத் தொடங்கியதும் படகுகளுக்கு வேலை குறைந்தது. பெயரின் முற்பகுதி உதிர்ந்து 'நாசகாரி' மட்டும் எஞ்சியது. ஆகவே, பெயரைக் கேட்டு இதைக் கடற்படையின் மிகக் கொடிய கப்பல் என்று எண்ணிவிடக் கூடாது. கடலில் தனித்துப் போரிடும் கப்பல்களில் இது சிறியது. கடற்படைத் தலைமை மிக எளிதாகப் பணயம் வைத்ததும் இதைத்தான்.

இதற்கு முந்தைய அமெரிக்க நாசகாரிகள் ஏன் போதுமானவையாக இல்லை?

1930ஆம் ஆண்டின் லண்டன் கடற்படை உடன்படிக்கை, நாசகாரிகளின் எடையைப் பொதுவாக 1,500 டன்னுக்குள் அடக்கியது. ஒரு நாட்டின் மொத்த நாசகாரி எடையில் 16 விழுக்காடு மட்டும் 1,850 டன் வரையுள்ள கப்பல்களாக இருக்கலாம் என்று விதிவிலக்கு அளித்தது. ஜப்பானோ 1928இலேயே ஆறு 127 மில்லிமீட்டர் பீரங்கிகளும் ஒன்பது டார்பிடோக் குழாய்களும் கொண்ட ஃபுபுக்கி வகைக் கப்பல்களை இறக்கிவிட்டிருந்தது. அதற்கு ஈடுகொடுக்க விரும்பிய அமெரிக்கர்கள், குறைந்த எடைக்குள் அதிக ஆயுதத்தைத் திணிக்க முயன்று சிக்கலில் மாட்டினார்கள். 1939இல் வந்த சிம்ஸ் வகைக் கப்பல்கள் திட்டமிட்டதைவிட எடை கூடி, மேற்பகுதி கனத்து நின்றதால், மூன்று டார்பிடோத் தொகுதிகளில் ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஃபிளெட்சர் வகை, உடன்படிக்கையின் கட்டு அவிழ்ந்த பிறகு சுதந்திரமாக வரையப்பட்ட முதல் அமெரிக்க நாசகாரி. வடிவமைப்பாளர்கள் அந்தச் சுதந்திரத்தைப் புதுமைக்காகச் செலவிடவில்லை. முந்தைய கப்பல்களில் இருந்த பீரங்கிகளையும் குழாய்களையுமே வைத்துக்கொண்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். அதாவது, பின்னால் வரப்போகும் சுமைகளுக்கு இடம் விட்டார்கள். இந்த வகையின் வெற்றிக்கு அடிப்படை அந்த முடிவுதான் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

கப்பலின் அளவு, எடை, வேகம் என்ன?

நீளம் 376.5 அடி, அதாவது ஏறக்குறைய 115 மீட்டர். அகலம் 12 மீட்டர் மட்டுமே. இந்த ஒல்லியான உடல்தான் வேகத்தின் இரகசியம். அடிப்படை எடை 2,050 டன். எரிபொருளும் வெடிபொருளும் ஏற்றிய பிறகு 2,500 டன் அளவுக்கு உயரும். நான்கு கொதிகலன்களிலிருந்து வரும் நீராவி இரண்டு டர்பைன் தொகுதிகளைச் சுழற்ற, அவை 60,000 குதிரைத்திறனை இரண்டு சுழல்விசிறிகளுக்கு அளித்தன. போர்ச் சுமையோடு ஏறத்தாழ 35 நாட் வேகம், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர், கிடைத்தது. அமைதிக்கால அளவில் 273 பேருக்கென வரையப்பட்ட கப்பலில், போர் முற்றியபோது 300 பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

கவசம் இருந்ததா?

பெரிய போர்க்கப்பல்களில் உள்ள பொருளில் இல்லை. இயந்திர அறைகளின் பக்கவாட்டிலும் மேற்புறத்திலும் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தடிமனுள்ள உறுதியான எஃகுத் தகடு பயன்பட்டது. அது விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டையும் சிதறல்களையும் ஓரளவு தடுக்கும். பீரங்கிக் குண்டைத் தடுக்காது.

அப்படியானால் அடிபட்ட பிறகும் பல கப்பல்கள் மிதந்தது எப்படி?

அதற்கான விடை இயந்திர அறைகளின் வரிசையில் இருக்கிறது. பழைய கப்பல்களில் கொதிகலன் அறைகள் எல்லாம் ஒன்றாகவும், டர்பைன் அறைகள் அவற்றுக்குப் பின்னால் ஒன்றாகவும் இருக்கும். நடுவில் ஒரே ஒரு டார்பிடோ பாய்ந்தால் நீராவி முழுவதும் போய்விடும். ஃபிளெட்சரில் முன் கொதிகலன் அறை, முன் டர்பைன் அறை, பின் கொதிகலன் அறை, பின் டர்பைன் அறை என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். முன் இணை ஒரு சுழல்விசிறியையும் பின் இணை மற்றொன்றையும் சுழற்றும். ஒரு பாதி அழிந்தாலும் மறுபாதியைக் கொண்டு கப்பல் நகர முடியும்.

இதன் பயன் 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால் தெரிந்தது. யமாட்டோ உள்ளிட்ட ஜப்பானியப் பெருங்கப்பல்கள், எதிர்பாராத நேரத்தில் அமெரிக்காவின் சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களை நெருங்கின. அவற்றைக் காக்க, கமாண்டர் எர்னஸ்ட் இவான்ஸ் தலைமையிலான ஜான்ஸ்டன் என்ற ஃபிளெட்சர் வகைக் கப்பல், உத்தரவுக்குக் காத்திராமல் பாய்ந்தது. தன் பத்து டார்பிடோக்களையும் செலுத்தி, நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பலான குமானோ என்ற கனரகக் குரூசரின் அணியத்தை, அதாவது முன்முனையை, உடைத்தது. திரும்பும்போது பெரும் குண்டுகள் தாக்கிப் பின் இயந்திரப் பகுதி செயலிழந்து, வேகம் 17 நாட்டாகக் குறைந்தது. ஆயினும் முன் இணையை நம்பி அது மேலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போரிட்டுப் பிறகே மூழ்கியது. அதே சண்டையில் ஹோயெல் என்ற சகோதரக் கப்பலும் மூழ்கியது, ஹீர்மன் தப்பியது. ஜான்ஸ்டனில் இருந்த 327 பேரில் 141 பேர் மட்டுமே உயிர் பிழைத்தனர். இவான்ஸுக்கு அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

முதன்மைப் பீரங்கியின் சிறப்பு என்ன?

ஐந்து அங்குல வாயும், அதைப்போல் 38 மடங்கு நீளமுள்ள குழலும் கொண்ட பீரங்கிகள் ஐந்து, ஒவ்வொன்றும் தனித்தனி மூடிய கூண்டில், கப்பலின் நடுக்கோட்டில் நின்றன. முன்னே இரண்டு, பின்னே மூன்று. நடுக்கோட்டில் நிற்பதால் ஐந்தும் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் சுட முடியும். ஒரு குண்டு 25 கிலோ எடையுள்ளது. வாயிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 790 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 16 கிலோமீட்டர் வரை பாயும்.

எண்களை மட்டும் பார்த்தால் இது தனிச்சிறப்பான பீரங்கி அன்று. பல நாட்டு நாசகாரிகளின் பீரங்கிகள் இதைவிட நீண்ட குழலும் கூடுதல் வேகமும் கொண்டிருந்தன. இதன் உண்மையான வலிமை, குண்டைத் திணிக்கும் முறையில் இருந்தது. குழல் எந்தக் கோணத்தில் நின்றாலும், வானை நோக்கி நிமிர்ந்திருந்தாலும்கூட, திணிப்புக் கருவி குண்டை உள்ளே தள்ளிவிடும். ஜப்பானிய 127 மில்லிமீட்டர் பீரங்கியோ, மறுமுறை நிரப்புவதற்காகக் குழலைத் தாழ்த்திப் பிறகு மீண்டும் உயர்த்த வேண்டும். விமானம் தலைக்கு மேல் பாய்ந்து வரும்போது அந்தச் சில வினாடிகள் போதும், கப்பல் முடிந்துவிடும். ஃபிளெட்சரின் பீரங்கி நிமிடத்துக்கு 15 குண்டுகளைச் சுடும் என்று கணக்கிட்டார்கள். நன்கு பழகிய குழு 20க்கு மேலும் சுட்டது.

இந்த ஒப்பீட்டின் அருமையை உணர இலங்கைக் கரையைப் பார்க்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலுடன் சென்ற வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரி, முதல் உலகப் போர்க் காலத்து வடிவமைப்புடையது. அதன் முதன்மைப் பீரங்கிகள் கப்பல்களைச் சுடுவதற்கானவை, செங்குத்தாகப் பாயும் விமானங்களுக்கானவை அல்ல. ஜப்பானிய விமானங்கள் இரண்டு கப்பல்களையும் அன்றே மூழ்கடித்தன.

குண்டு இலக்கில் படுவதை யார் தீர்மானித்தார்கள்?

பீரங்கிக் கூண்டுக்குள் இருந்தவர்கள் அல்லர். கப்பலைச் செலுத்தும் மேடையான பாலத்தின் மேல் ஒரு சுழலும் பெட்டி இருக்கும். அதில் அமர்ந்த குழு தொலைநோக்கியாலும் ரேடாராலும் இலக்கைத் தொடரும். அந்தத் தகவல் கப்பலின் அடிவயிற்றில் உள்ள ஓர் அறைக்குச் செல்லும். அங்கே ஏறத்தாழ 1.4 டன் எடையுள்ள ஒரு கணினி இருந்தது. மின்னணுச் சில்லுகள் பிறக்காத காலம் அது. பற்சக்கரங்களும் சாய்தட்டுகளும் சுழல்தண்டுகளுமே அதில் கணக்கிட்டன. நம் கப்பலின் வேகம், அலையாட்டம், காற்று, எதிரியின் வேகம், திசை ஆகிய அனைத்தையும் இடைவிடாமல் கூட்டிக் கழித்து, குண்டு சென்று சேரும் கணத்தில் இலக்கு எங்கே இருக்கும் என்று அது சொல்லும். ஐந்து பீரங்கிகளும் அந்த விடைக்கேற்பத் தாமாகவே திரும்பும்.

இதனுடன் 1943 தொடக்கத்தில் ஒரு புதிய கருவி சேர்ந்தது. குண்டின் மூக்கில் வைத்த சிறு வானொலிக் கருவி, விமானத்துக்கு அருகே சென்றதும் தானாக வெடிக்கச் செய்தது. அதற்கு முன்பு, வெடிக்க வேண்டிய நேரத்தை முன்கூட்டியே கணித்துக் குண்டில் திருகி வைக்க வேண்டியிருந்தது. பீரங்கியிலிருந்து சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியைக் கண்ணாடி வால்வுகள் தாங்கும்படி செய்ததை அந்தப் போரின் பெரிய பொறியியல் சாதனைகளில் ஒன்றாகவே கருத வேண்டும்.

டார்பிடோக்களில் அமெரிக்கா பின்தங்கியிருந்தது உண்மையா?

உண்மை. ஃபிளெட்சரில் ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதிகளில் பத்துக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றின் விட்டமும் 21 அங்குலம். அமெரிக்க டார்பிடோ 45 நாட் வேகத்தில் சென்றால் ஐந்தரை கிலோமீட்டரும், 26.5 நாட் வேகத்துக்குத் தாழ்த்தினால் 14 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் போகும். ஜப்பானிய 93ஆம் வகை டார்பிடோ தூய ஆக்சிஜனில் இயங்கியது. ஏறத்தாழ 50 நாட் வேகத்திலேயே 20 கிலோமீட்டர் சென்றது. நீரின்மேல் குமிழ்த் தடமும் மிகக் குறைவு. அத்துடன் ஜப்பானிய நாசகாரிகள் பல, சண்டையின் நடுவே மறுமுறை நிரப்புவதற்குக் கூடுதல் டார்பிடோக்களைச் சுமந்தன. அமெரிக்கக் கப்பலில் அந்த வசதி இல்லை. குழாய்கள் ஒருமுறை காலியானால் காலிதான்.

1943 ஜூலை 5 அன்று அதிகாலை, சாலமன் தீவுகளின் குலா வளைகுடாவில் ஸ்ட்ராங் என்ற ஃபிளெட்சர் வகைக் கப்பலை ஒரு டார்பிடோ பிளந்தது. அதைச் செலுத்திய ஜப்பானியக் கப்பல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து டார்பிடோ வரக்கூடும் என்பதை அமெரிக்கர்கள் அப்போது நம்பவே இல்லை.

குறை ஆயுதத்தில் மட்டும் இல்லை, அதைக் கையாண்ட முறையிலும் இருந்தது. 1942 நவம்பர் 30 இரவு, சாலமன் தீவுகளின் குவாடல்கனாலை அடுத்த தசஃபரோங்காவில், வரிசையின் முன்னே சென்ற ஃபிளெட்சர் கப்பல் ரேடாரில் எதிரியைக் கண்டு டார்பிடோ செலுத்த அனுமதி கேட்டது. படைத்தலைவர் விடை அளிக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆனது. அதற்குள் நல்ல கோணம் கடந்துவிட்டது. அமெரிக்க நாசகாரிகள் செலுத்திய 20 டார்பிடோக்களில் ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. பதிலுக்கு வந்த ஜப்பானிய டார்பிடோக்கள் நான்கு குரூசர்களைத் தாக்கின. அவற்றில் நார்த்தாம்ப்டன் மூழ்கியது.

ஓராண்டுக்குள் நிலை மாறியது. டார்பிடோக்களின் கோளாறான காந்த வெடிப்பிகளைச் செயலிழக்கச் செய்ததும், நாசகாரிகளைக் குரூசர் வரிசையிலிருந்து விடுவித்துத் தனியே பாய விட்டதும் அதற்குக் காரணங்கள். 1943 நவம்பர் 25 அன்று செயின்ட் ஜார்ஜ் முனையில் கேப்டன் ஆர்லி பர்க் ஐந்து ஃபிளெட்சர் வகைக் கப்பல்களுடன் சென்று, இருளில் ரேடாரால் எதிரியைக் கண்டார். முதலில் அமைதியாக டார்பிடோக்களைச் செலுத்தி, அவை சென்று சேரும் வரை பீரங்கி எதையும் சுடாமல் காத்திருந்தார். ஒனாமி, மக்கினாமி, யூகிரி என்ற மூன்று ஜப்பானிய நாசகாரிகள் மூழ்கின. அமெரிக்கத் தரப்பில் ஒரு சேதமும் இல்லை.

போர் நடக்க நடக்க விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் எவ்வாறு மாறின?

முதலில் திட்டமிட்டது மிகச் சொற்பம்: 1.1 அங்குலக் குழல்கள் நான்கு கொண்ட ஒரு தொகுதியும் சில சிறு துப்பாக்கிகளும். அந்த 1.1 அங்குலத் தொகுதி அடிக்கடி அடைத்துக்கொண்டது. அதை நீக்கி, சுவீடனில் தோன்றிய 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் இரட்டைக் குழல்களை வைத்தார்கள். 1943இன் நடுவில் ஐந்து இரட்டைகள், அதாவது பத்துக் குழல்கள், வழக்கமாயின. இவற்றுடன் சுவிட்சர்லாந்தில் உருவான 20 மில்லிமீட்டர் ஓர்லிக்கான் துப்பாக்கிகளும் தளமெங்கும் நின்றன.

1945இல் ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் பெருகியதும் கணக்கு மறுபடியும் மாற்றி எழுதப்பட்டது. வரும் விமானத்தைக் காயப்படுத்தினால் மட்டும் போதாது, வானிலேயே உடைத்தாக வேண்டும். அதற்கு 20 மில்லிமீட்டர் குண்டின் எடை போதவில்லை. ஆகவே பல கப்பல்களில் முன் டார்பிடோத் தொகுதியைக் கழற்றிவிட்டு, போஃபர்ஸ் குழல்களை 14 ஆக உயர்த்தினார்கள். நாசகாரி எந்த ஆயுதத்துக்காகப் பிறந்ததோ, அதில் பாதியைத் தானே கழற்றிக் கொடுத்த நிகழ்ச்சி இது.

நீர்மூழ்கிக் கப்பல்களை எவ்வாறு தாக்கின?

சோனார் ஒலியைக் கொண்டு தேடி, மேலாகக் கடந்து செல்லும்போது அமரத்தில், அதாவது கப்பலின் பின்முனையில், உள்ள இரண்டு சரிவுத் தாங்கிகளிலிருந்து 600 பவுண்டு ஆழ்நீர் வெடிகுண்டுகளை உருட்டிவிடுவார்கள். பக்கவாட்டில் உள்ள ஆறு எறிகருவிகள் 300 பவுண்டுக் குண்டுகளை இருபுறமும் வீசும். மிக அருகில் நெருங்கியதும் சோனார் இலக்கைத் தவறவிடும் என்பது இந்த முறையின் குறை.

ஓபானன் கப்பலின் மாலுமிகள் 1943 ஏப்ரலில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கியின்மீது உருளைக்கிழங்கு வீசி அதை மூழ்கடித்ததாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. நீர்மூழ்கி, பீரங்கிக் குழலைத் தாழ்த்த முடியாத அளவு அருகில் வந்தது என்பது சரி. ஆனால் உருளைக்கிழங்குக் கதையை அக்கப்பலின் தலைவரே பிற்காலத்தில் மறுத்தார்.

சில கப்பல்களில் விமானம் இருந்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். மிதவை விமானம் ஒன்றையும் அதை எறியும் கருவியையும் வைத்துப் பார்த்தார்கள். அதற்காக ஒரு பீரங்கியையும் ஒரு டார்பிடோத் தொகுதியையும் இழக்க வேண்டியிருந்தது. 1943இல் அந்தச் சோதனை கைவிடப்பட்டது.

ரேடார் வந்ததால் கப்பலின் உள்ளமைப்பு மாறியதா?

மாறியது, அதுவும் இந்தக் கப்பல்களிலேயே தொடங்கி. 1942 நவம்பரில் குவாடல்கனாலின் இரவுச் சண்டைகளில், ஃபிளெட்சர் கப்பலின் துணைத் தலைவர் ஜோசப் வைலி பாலத்தில் நிற்காமல், ரேடார் திரைக்கு அருகே அமர்ந்து, கண்டதைத் தலைவருக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரின் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே சண்டை என்ற பழைய நிலை அத்துடன் போயிற்று. எல்லாத் தகவலையும் ஓரிடத்தில் திரட்டும் போர்த் தகவல் அறைகள் அந்த அனுபவத்தைக் கொண்டே வளர்ந்தன. வெளியை நேரில் பார்க்க முடியாத ஓர் இருட்டறை கப்பலின் மூளையானது.

வடிவமைப்பில் குறைகள் என்ன?

இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, நீண்ட உடலுக்கு ஒரே ஒரு சுக்கான். அதனால் திரும்புவதற்குப் பெரிய வட்டம் தேவைப்பட்டது. நெருங்கி வரும் விமானத்தின் குறியிலிருந்து விலக முயல்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அடுத்து வந்த சம்னர் வகைக்கு இரட்டைச் சுக்கான் கொடுத்தார்கள். ஆறு பீரங்கிகளை மூன்று இரட்டைக் கூண்டுகளில் வைத்தார்கள்.

இரண்டாவது, ஏறிக்கொண்டே போன மேற்சுமை. ரேடார், போஃபர்ஸ், கூடுதல் மாலுமிகள் எல்லாம் உயரத்தில் சேர்ந்தன. 1944 டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே ஒரு பெரும் சூறாவளியில் மூன்று அமெரிக்க நாசகாரிகள் கவிழ்ந்தன. அவற்றில் இரண்டு பழையவை. மூன்றாவது, செயின்ட் ஜார்ஜ் முனையில் வென்ற ஸ்பென்ஸ். அதன் எரிபொருள் தொட்டிகள் பெரும்பாலும் காலியாக இருந்தன, உரிய நேரத்தில் கடல்நீர் நிரப்பவும் இல்லை. அடிப்பகுதி இலேசாகவும் மேற்பகுதி கனமாகவும் இருந்த கப்பல், அலையில் சாய்ந்தது, நிமிரவில்லை.

தற்கொலை விமானங்களுக்கு எதிராக இந்த ஆயுதங்கள் போதுமானவையாக இருந்தனவா?

ஒக்கினாவாப் போரில், தீவைச் சுற்றித் தொலைவில் தனித்தனியே நிறுத்தப்பட்ட நாசகாரிகள் ரேடாரால் விமானங்களை முன்கூட்டியே கண்டு எச்சரித்தன. அதனால் முதல் அடியும் அவற்றின்மீதே விழுந்தது. புஷ், லூஸ், மோரிசன், பிரிங்கிள், ட்விக்ஸ் என்று இழப்புகள் நீண்டன. வில்லியம் டி. போர்ட்டர் கப்பலைத் தவறவிட்ட விமானம் நீருக்குள் விழுந்து, அடியில் வெடித்து அதை மூழ்கடித்தது. வியப்பாக, ஒருவரும் இறக்கவில்லை.

மிகவும் யோசிக்க வைப்பது கலஹன் கப்பலின் முடிவு. 1945 ஜூலை 29 அன்று, நள்ளிரவு கடந்து, மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்த பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்று மெதுவாகத் தாழப் பறந்து வந்து அதைத் தாக்கி மூழ்கடித்தது. உலோக விமானங்களை எதிர்பார்த்துச் செய்த வானொலி வெடிப்பிகள், மரத்தையும் துணியையும் சரியாக உணரவில்லை. தற்கொலை விமானத்தால் மூழ்கிய கடைசிக் கப்பல் அதுதான்.

இன்று இவற்றில் எதையாவது பார்க்க முடியுமா?

நான்கு கப்பல்கள் அருங்காட்சியகங்களாக உள்ளன. கிட் கப்பல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகருக்கு உரியது. போர்க்காலத் தோற்றத்தை அறிய விரும்புபவர்கள் பார்க்க வேண்டியது அதையே. கேசின் யங் பாஸ்டனிலும், ஜூனோ குரூசர் மூழ்கியதில் பறிபோன ஐந்து சகோதரர்களின் பெயர் தாங்கிய தி சல்லிவன்ஸ் பஃபலோவிலும் உள்ளன. நான்காவதான வேலோஸ் கிரேக்க நாட்டில் இருக்கிறது.

போருக்குப் பின் இவை பல நாடுகளுக்குக் கைமாறின. பகை நாடுகளாக இருந்த ஜெர்மனிக்கு ஆறும், ஜப்பானுக்கு இரண்டும் சென்றன. கடைசியாகப் பணியில் இருந்தது மெக்சிகோவின் குயித்லாவாக்; முன்னாள் ஜான் ராட்ஜர்ஸ் கப்பலான அது 2001இல் ஓய்வு பெற்றது. சமாரில் மூழ்கிய ஜான்ஸ்டனைக் காண வேண்டுமானால் 6,456 மீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். 2021இல் அங்கே இறங்கியவர்கள், அதன் அணியத்தில் 557 என்ற எண் இன்னும் தெளிவாகத் தெரிவதைப் படமெடுத்து வந்தார்கள்.